நமீபியா சஃபாரி: மேட்டூர் திறக்கறதுக்கு முன்னாடி 12 நாள், அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கம். 7 ஏக்கர் நஞ்சை, கூடவே ஒரு சின்ன விதைக்கடை. அப்பாவுக்கு 68 வயசு, வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். வேலையில இருந்த காலம் பூரா வருஷத்துக்கு ஒரு தடவை வகுப்புப் பிள்ளைங்களை பஸ்ல ஏத்தி கோடியக்கரைக்குக் கூட்டிட்டுப் போய் வெளிமான் காட்டிட்டு வருவார். "ஆப்பிரிக்காவுல யானைக் கூட்டம் தண்ணி குடிக்கறதை ஒரு தடவை கண்ணால பாத்துடணும்டா"ன்னு நான் பள்ளிக்கூடம் போன நாள்லேருந்து சொல்லிட்டு இருந்தவர். போன வருஷம் அம்மா தவறினதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல. அதான் இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கு.

நாலு பேர் போறோம். அப்பா, நான், மனைவி, 11 வயசு மகள். நமீபியாவைப் பிடிச்சுக்கிட்டதுக்குக் காரணம், அங்க நாமளே வண்டி ஓட்டிக்கிட்டுப் போகலாம், நம்மூர் மாதிரியே இடது பக்கம் ஓட்டறாங்க, கூட்டமும் கிடையாதுன்னு படிச்சேன். கையில 12 ராத்திரி. எட்டோசா காடு, சோசுஸ்ஃப்ளே மணல்மேடு, அப்படியே பக்கத்து நாடுகள்ல ஒகவாங்கோ ஆத்துச் சதுப்புநிலம், விக்டோரியா அருவி, இதெல்லாம் சேத்துப் பாத்துடலாம்னு நினைக்கிறேன்.

எனக்கு இருக்கற பெரிய சிக்கல் காலம்தான். விசாரிச்ச இடத்துல எல்லாம் ஆகஸ்ட், செப்டம்பர்ல வாங்கன்னு சொல்றாங்க. ஜூன் 12-ல மேட்டூர் திறந்துட்டாங்கன்னா குறுவை, அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டு சம்பா, ஜனவரி அறுப்பு முடியற வரைக்கும் என்னால ஊரை விட்டு நகர முடியாது. பிப்ரவரியிலேருந்து மே வரைக்கும்தான் ஓய்வு. அந்த மாசங்கள்ல போனா மிருகமே தென்படாதாமே, நிஜமா?

இன்னொண்ணு. ஆளே இல்லாத ரோட்டுல வண்டி நின்னுபோச்சுன்னா என்ன பண்றது? அப்பாவுக்கு லேசா பிரஷர் இருக்கு, முட்டிவலி உண்டு. அவரும் மகளும் சைவம். போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

திருவையாறு வாசி:

நான் நமீபியா போனதில்ல, கென்யாவுல மசாய் மாரா போயிருக்கேன். குழுவோட போனோம், டிரைவரும் வழிகாட்டியும் அவங்களே. வயசானவரை வச்சுக்கிட்டு தெரியாத நாட்டுல நீங்களே ஓட்டறது எனக்குச் சரியாப் படல. சிங்கம் எங்க படுத்திருக்குன்னு வழிகாட்டிக்குத்தான் தெரியும். நாமளா தேடினா நாள்தான் போகும். யோசிச்சுப் பாருங்க.

பட்டறைக்காரன்:

தம்பி, பாபநாசத்துல டிராக்டர் பட்டறை வச்சிருக்கேன். நமீபியாவுக்கு ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் நானேதான் வண்டி ஓட்டினேன். முதல் தடவை ஆகஸ்ட், அடுத்த தடவை மே கடைசி. அதனால உங்க கேள்விக்கு என்னால நேராவே பதில் சொல்ல முடியும்: மே 15-க்கு மேல கிளம்புங்க, மேட்டூர் திறக்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். பாப்பாவுக்கும் லீவு.

ஏன்னு சொல்றேன். அங்க மழைக்காலம் ஏப்ரலோட முடிஞ்சிடும். பிப்ரவரி, மார்ச்ல பள்ளம் எல்லாம் தண்ணி, புல்லு ஆள் உயரம். மிருகத்துக்கு நிக்கற இடத்துலயே தண்ணி கிடைக்கும்போது அது ஏன் குளத்தைத் தேடி வரப்போகுது? மே மாசம் அந்தக் குட்டையெல்லாம் ஒண்ணொண்ணா வத்த ஆரம்பிக்கும். நம்மூர்ல மாசி பங்குனியில வாய்க்கால் வத்தினதும் மாடெல்லாம் ஒரே குளத்துக்கு வந்து சேருமே, அதே கதைதான். ஆகஸ்ட்ல ஒரு குளத்துல 40 யானை எண்ணினேன், மே கடைசியில 14. எண்ணிக்கை குறைச்சல்தான், மறைக்கல. ஆனா அந்த 14-ஐப் பாக்கும்போது என் பக்கத்துல நின்ன கார் ஒண்ணே ஒண்ணு.

திருவையாறு நண்பர் சொன்னது கென்யாவுக்குப் பொருந்தும். எட்டோசா வேற மாதிரி இடம். அங்க மிருகத்தைத் தேடி நாம அலைய வேண்டியதில்ல. தண்ணி எங்கன்னு வரைபடத்துலயே போட்டிருக்கு. சில குளம் இயற்கை ஊத்து, பல குளம் போர் போட்டு சோலார் பம்ப்ல தண்ணி விடறது. ஆமா, நம்ம வயல்ல இருக்கற அதே பம்ப்செட்டுதான். போய் வண்டியை ஓரமா நிறுத்தி, இஞ்சினை அணைச்சிட்டு, ஒரு மணி நேரம் பொறுமையா உக்காரணும். அவ்வளவுதான் வித்தை. குளத்துக்குக் குளம் ஓடறவங்களுக்குப் புழுதிதான் மிஞ்சும். வாத்தியாருக்கு இது பிடிக்கும்னு தோணுது.

ஆனா உங்க திட்டத்தை வெட்டணும் தம்பி. நமீபியா நம்ம தமிழ்நாட்டைப்போல ஆறு மடங்கு பெரிசு. மொத்த ஜனம் 2023 கணக்குல 30 லட்சம். நம்ம தஞ்சாவூர், திருவாரூர் ரெண்டே மாவட்டத்துல 2011-லயே 36 லட்சத்துக்கு மேல இருந்தோம். அப்ப ஊருக்கு ஊர் எவ்வளவு தூரம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. ஒகவாங்கோவும் விக்டோரியா அருவியும் இந்தத் தடவை வேணாம். அதுங்க ரெண்டும் சேந்தா அப்பா 12 நாளும் கார் சீட்டுலதான் இருப்பார். வால்விஸ் பே போய் பூநாரை பாக்கலாம்னு யாராவது சொன்னாலும் வேணாம்னு சொல்லிடுங்க, பூநாரை நம்ம கோடியக்கரைக்கே வருது.

நான் போட்டுத் தர்றது இதுதான். தலைநகர் விண்ட்ஹுக்ல இறங்கி ஒரு ராத்திரி ஓய்வு. மறுநாள் ஒச்சிவரோங்கோ, 250 கிலோமீட்டர், நல்ல தார் ரோடு. அங்க சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு மையம் ஒண்ணு இருக்கு, 1990-ல ஆரம்பிச்சது. நம்ம நாட்டுல சிவிங்கிப்புலி அழிஞ்சிடுச்சுன்னு 1952-ல அறிவிச்சாங்க, 2022 செப்டம்பர்ல மத்தியப் பிரதேசத்து குனோ காட்டுக்கு முதல்ல வந்த 8 சிவிங்கிப்புலியும் நமீபியாவுலேருந்து வந்ததுதான். பாப்பாவுக்கு அதைச் சொல்லிட்டு அங்க கூட்டிட்டுப் போங்க. அப்புறம் எட்டோசாவுக்குள்ள கிழக்குப் பக்கமா நுழைஞ்சு நமுட்டோனி முகாம்ல 2 ராத்திரி, ஹலாலி முகாம்ல 1, ஒககுவேயோ முகாம்ல 3. திரும்பி விண்ட்ஹுக் 1, அங்கேருந்து மணல்மேட்டுக்கு 2, கடைசியா விண்ட்ஹுக் 1.

ஹலாலியில மொரிங்கான்னு ஒரு குளம். பேரைப் பாத்து எனக்கு ஆச்சரியம், விசாரிச்சா நிஜமாவே நம்ம முருங்கைக்குச் சொந்தக்கார மரம் அந்தப் பக்கம் வளருது. அடி மரம் சாம்பல் நிறத்துல உப்பிப்போய் இருக்கும், பாத்தா முருங்கைன்னு சொல்ல மாட்டீங்க. குளத்துக்குக் கொஞ்ச தூரம் பாறை ஏறணும். அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாப் போங்க.

ஒககுவேயோவுக்கு ஏன் 3 ராத்திரின்னு சொல்லணும். முகாமுக்குள்ளயே, நாம தங்கற அறைக்குச் சில எட்டுத் தூரத்துல தாழ்வான கல்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சு, அந்தப் பக்கம் குளம். ராத்திரி பூரா மஞ்சள் விளக்கு எரியும். நானும் என் சம்சாரமும் கம்பளியைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தோம். 9 மணி சுமாருக்கு இருட்டுக்குள்ளேருந்து ஒரு கருப்புக் காண்டாமிருகம், பின்னாலயே கன்னு. கால் சத்தமே இல்ல. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி இப்படிச் சத்தமில்லாம நடக்குதுன்னு புரியல. முதல்ல மூச்சுச் சத்தம்தான் வந்துச்சு, புஸ்ஸுன்னு, காத்து பிரேக் விட்ட மாதிரி. தாய் தண்ணியில வாயை வச்சதும் குளத்துல இருந்த விளக்கு நிழல் பூரா சுருக்கம் விழுந்து கரை வரைக்கும் வந்துச்சு. கன்னு தாயோட வயித்துக்குக் கீழ நின்னுக்கிட்டு எங்க பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பெஞ்சுல 30 பேர் இருப்போம், நாலஞ்சு நாட்டுக்காரங்க. ஒருத்தர் இருமக்கூட இல்ல. என் சம்சாரம் என் கையைப் பிடிச்சவ, அதுங்க திரும்பி இருட்டுக்குள்ள போற வரைக்கும் விடவே இல்ல.

யானையும் அதே குளத்துக்கு வரும். எட்டோசா யானை பாக்க வெள்ளையா இருக்கும், அந்த ஊர் சுண்ணாம்புச் சேத்தை மேல வாரிப் பூசிக்கும். நீர்யானையும் காட்டெருமையும் அங்க கிடையாது, பாப்பாகிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிடுங்க, ஏமாந்துடப் போகுது.

இப்ப ரோடு. தார் ரோடு முடிஞ்சா கப்பி ரோடு. அதுல 80-க்கு மேல போகாதீங்க. என் தொழில் இது, அதனால அழுத்திச் சொல்றேன்: அங்க நடக்கற விபத்துல எதுக்க வண்டி வரணும்னு இல்ல, வேகமா போய் வளைவுல லேசா பிரேக் போட்டாலே வண்டி உருண்டுடும். வாடகை இன்சூரன்ஸ்ல தானா உருண்ட வண்டிக்குப் பணம் உண்டான்னு படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. கண்ணாடிக்கும் டயருக்கும் தனியாக் கட்டறது நல்லது, எதிர் வண்டி தெறிக்கற கல்லு சும்மா விடாது. கப்பி ரோட்டுல காத்தைக் கொஞ்சம் குறைக்கணும், நான் 26 பி.எஸ்.ஐ. வச்சு ஓட்டினேன். தாருக்குத் திரும்பினதும் மறக்காம ஏத்திடணும். பொழுது சாஞ்சப்புறம் வண்டி ஓட்டவே கூடாது. மான் எங்கேருந்து பாயும்னு தெரியாது, அதுல சில மான் நம்மூர் மாடு எடை. மே மாசத்துல 7 மணிக்கு மேலதான் விடியும், 6 மணி தாண்டினதும் இருட்டு. எட்டோசா கதவையும் பொழுது போனா பூட்டிடுவாங்க.

வண்டி நின்னா என்னன்னு கேட்டீங்க. எனக்கு நின்னுச்சு. கமான்யாப் தாண்டி பாம்வாக் போற கப்பி ரோட்டுல பின் டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிடுச்சு, ஊசிக்கல்லு. ஸ்டெப்னி ரெண்டு இருந்துச்சு. ஆனா வாடகைக்குக் குடுத்தவங்க வச்சிருந்த ஜாக்கி பாதியில நின்னுக்கிச்சு, ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. 50 நிமிஷம் ரோட்டுல ஒரு வண்டி இல்ல. காத்துச் சத்தம் மட்டும்தான். அப்புறம் ஒரு அம்மா பிக்கப்புல ஆடு ஏத்திக்கிட்டு வந்தாங்க, நாங்க கை காட்டறதுக்கு முன்னாடியே நிறுத்தினாங்க. அவங்க ஜாக்கியைக் குடுத்து, நான் மாட்டி முடிக்கற வரைக்கும் கூடவே நின்னு, அடுத்த ஊர்ல டயர் கடை எங்கன்னு மண்ணுல கோடு போட்டுக் காட்டிட்டுத்தான் கிளம்பினாங்க. ஆள் குறைவான ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டுப் போறதில்ல, அதை அன்னைக்குக் கண்டேன். இருந்தாலும் நீங்க வண்டி எடுக்கற இடத்துலயே ஜாக்கியை மாட்டி ஒரு சக்கரத்தைத் தூக்கிப் பாருங்க. அவங்க அவசரப்படுத்துவாங்க, விடாதீங்க. ரெண்டு ஸ்டெப்னி, 20 லிட்டர் குடிதண்ணி, பெட்ரோல் பங்க் கண்ணுல பட்டா டேங்க் பாதி இருந்தாலும் ரொப்பிக்கறது. இது போதும். நான் போட்டுத் தந்த வழியில பெரும்பாலும் தார்தான், பூங்காவுக்குள்ளயும் மணல்மேட்டுக்குப் போற வழியிலயும்தான் கப்பி.

சாப்பாடு கஷ்டமில்ல. ஊர் பூரா கறிதான் திங்கறாங்க, ஆனா விண்ட்ஹுக் கடையில புழுங்கல் அரிசி, தக்காளி, முட்டைக்கோஸ், தயிர் எல்லாம் கிடைக்கும். வண்டியோட கேஸ் அடுப்பு, பாத்திரம் கேட்டா குடுப்பாங்க. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் நாங்க ஊர்லேருந்து கொண்டுபோனோம், ஏர்போர்ட்ல கேட்டா எடுத்துக் காட்டிடுங்க.

வண்டிக் கூரை மேல கூடாரம் கட்டித் தருவாங்க, மலிவு. முட்டிவலி உள்ளவருக்கு அந்த ஏணி வேணாம். எட்டோசா முகாம்ல அறை எடுங்க. இப்பவே பதிவு பண்ணுங்க, ஒககுவேயோ அறைதான் முதல்ல தீந்துபோகும்.

வெண்ணாற்றங்கரை:

அண்ணே, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. அப்பாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன். காண்டாமிருகக் கன்னு வந்த இடத்துல "நிறுத்து, இன்னொரு தடவை படி"ன்னார். மணல்மேட்டைப் பத்தி மட்டும் நீங்க ஒண்ணும் சொல்லலையே. அப்பா அதுக்குப் பதிலா எட்டோசாவுலயே கூட ரெண்டு நாள் இருந்துடலாமேங்கறார். எத்தியோப்பியா வழியா டிக்கெட் விலை குறைச்சலா இருக்கு, அதை எடுக்கட்டுமா?

ஊசிமருந்து அக்கா:

தம்பி, தஞ்சாவூர்ல நர்ஸா இருக்கேன். டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல இருக்கற நாடு. அந்த ஏர்போர்ட்ல 12 மணி நேரத்துக்கு மேல இருந்தாலோ, வெளிய போய்த் தங்கினாலோ நமீபியாவுல தடுப்பூசிச் சான்று கேப்பாங்க. வெளிய போயிருந்தா திரும்பி வரும்போது நம்ம நாட்டுலயும் கேப்பாங்க, சான்று இல்லன்னா தனிமைப்படுத்திடுவாங்க. சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க. பயணத்துக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். உங்களுக்கும் பாப்பாவுக்கும் பிரச்சினை இல்ல. ஆனா 60 வயசுக்கு மேல முதல் தடவையா அந்த ஊசி போடறதுன்னா டாக்டர் ரொம்ப யோசிச்சுத்தான் போடுவாங்க. அப்பாவுக்காகச் சொல்றேன், வளைகுடா, ஜோகன்னஸ்பர்க் வழியா வர்ற டிக்கெட்டைப் பாருங்க. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டா இருக்கணும், பெட்டி நேரா விண்ட்ஹுக் போயிடணும். இல்லன்னா தென்னாப்பிரிக்காவுல வெளிய வந்து மறுபடி ஏறணும், அதுக்கு விசா கேப்பாங்க.

எட்டோசா பக்கம் மலேரியா உண்டு, மழைக்காலத்துலதான் அதிகம். மே கடைசியில குறைஞ்சிருக்கும்னாலும் மாத்திரை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, சாயந்திரம் முழுக்கைச் சட்டை. பிரஷர் மாத்திரை 12 நாளுக்குப் பதிலா 25 நாளுக்கு எடுத்துக்கிட்டு ரெண்டு பையில பிரிச்சு வைங்க. ஆஸ்பத்திரி ரொம்பத் தூரம், அதனால நோயாளியை விமானத்துல ஏத்திட்டுப் போற செலவையும் சேத்து ஏத்துக்கற இன்சூரன்ஸா பாத்து எடுங்க. பணத்தை மிச்சம் பிடிக்கற இடம் இது இல்ல.

கோடியக்காடு:

ஐயா, உங்கள் அப்பாவைப் போன்ற ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்து வருவதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன், எனக்கு ஊர் வேதாரண்யம் பக்கம். ஒரு யோசனை சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் மூவருமாக, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு, கோடியக்கரைக்கு வாருங்கள். கோடையில் வெளிமான்களுக்காக வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் விடும். தூரத்தில் நின்று பைனாகுலரில் இரண்டு மணி நேரம் பேசாமல் பாருங்கள். எந்த மான் முதலில் தலை தூக்குகிறது, கடா எங்கே நிற்கிறது என்று பாப்பா ஒரு நோட்டில் எழுதட்டும். எட்டோசாவில் துள்ளும் ஸ்பிரிங்பாக் மான் வெளிமானின் நெருங்கிய உறவு, அங்கே பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிடும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது இங்கே செத்து ஒதுங்கிய மான்களைத் தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். மறுபடி கன்றுகளோடு மேய்வதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. அப்பாவும் வந்து பார்க்கட்டும்.

பட்டறைக்காரன்:

அக்கா சொன்னதை அப்படியே கேளுங்க தம்பி. டிக்கெட்ல கூடப் போற காசு பரவாயில்ல.

மணல்மேட்டை நான் ஏன் விடலன்னா, அங்க டெட்ஃப்ளேன்னு ஒரு இடம் இருக்கு. வெள்ளைக் களிமண் தரை, சுத்தி செக்கச்செவேல்னு மணல்மலை, நடுவுல கறுத்துப்போன மரங்க. நம்ம கருவேலத்துக்குச் சொந்தம். செத்துப் பல நூறு வருஷம் ஆச்சு, மக்கறதுக்குக்கூட ஈரம் இல்லாததால அப்படியே நிக்குது. சாச்சாப்னு ஒரு ஆறு ஒரு காலத்துல அது வரைக்கும் வந்துச்சாம். மணல் குறுக்க விழுந்து வழியை அடைச்சிடுச்சு. அந்த ஆறு இப்பவும் நல்ல மழை பெஞ்ச வருஷத்துல பக்கத்து சோசுஸ்ஃப்ளே வரைக்கும் வரும், கடலுக்குப் போகாது, அங்கயே மணல்ல முடிஞ்சிடும். ஆத்தோட கடைமடை அது. நான் அந்தத் தரையில நின்னப்ப வெடிப்பு வெடிப்பா இருந்துச்சு, குனிஞ்சு ஒரு பத்தையை எடுத்துப் பாத்தேன், தண்ணி வராத வருஷத்துல எங்க சித்தப்பா வயல்ல எடுத்த பத்தை மாதிரியே ஓரம் மேல சுருண்டிருந்துச்சு. அதை அங்கயே வச்சிட்டு வந்துட்டேன். காவிரித் தண்ணியில வாழற நம்ம ஆளுங்க பாக்க வேண்டிய இடம்னு எனக்குத் தோணுச்சு. கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல், அதை நீங்க ஓட்ட வேணாம், அங்கயே வண்டி விடறாங்க. அதுக்கப்புறம் ஒரு கிலோமீட்டர் மணல்ல நடக்கணும். காலைக் குளிர்லயே நடந்தா அப்பாவால முடியும், முடியலன்னாலும் வண்டி நிக்கற இடத்துல நிழல் இருக்கு.

வெண்ணாற்றங்கரை:

அப்பா கடைமடைன்னு கேட்டதும் அந்த ஆறு எங்க உற்பத்தியாகுதுன்னு அட்லஸை எடுத்து வச்சுக்கிட்டார். அதனால மணல்மேடு உறுதி. மே 17 கிளம்பி 30 திரும்பற மாதிரி ஜோகன்னஸ்பர்க் வழி டிக்கெட் பாத்திருக்கேன். ஒககுவேயோவுல குளத்தைப் பாத்த அறை தீந்துடுச்சு, பின்னால உள்ள அறைதான் இருக்கு. எடுத்துடட்டுமாண்ணே? வர்ற ஞாயித்துக்கிழமை கோடியக்கரைக்குப் போறோம், கோடியக்காடு ஐயா.

பட்டறைக்காரன்:

எடுத்துடுங்க. பின்னால உள்ள அறையிலேருந்து குளத்துக்கு நடந்தா ரெண்டு மூணு நிமிஷம்தான், ராத்திரி எப்ப வேணும்னாலும் வரலாம். கல்லு பெஞ்சு சில்லுனு இருக்கும், அப்பாவுக்கு ஒரு தலையணையும் காது மூடற மப்ளரும் எடுத்துக்கங்க. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ இறங்கும். பிளாஸ்க்ல சுக்குக் காப்பி போட்டு வச்சுக்கங்க.